‘எல்லாரும்தானே பண்றாங்க?’

“எம்புள்ள நல்லவன்தான் சார், சேர்ந்த எடம்தான் சரியில்ல.” தலைமையாசிரியர் அறையிலும், காவல் நிலைய வாசலிலும், போதை மறுவாழ்வு மையத்திலும் பெற்றோர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான். மனமறிந்து சொல்லும் பொய் அல்ல அது. ஆனால் அதே பேச்சை அந்தக் கூட்டாளியின் தாயும் பேசுகிறார், அவனுடைய கூட்டாளியின் தகப்பனும் பேசுகிறார். பள்ளிக் கழிப்பறையில் ஐந்து பையன்கள் சேர்ந்து பிடிபட்டால், ஐந்து வீட்டிலும் கெடுத்தவன் அடுத்த வீட்டுப் பிள்ளை. கணக்கு எங்கேயோ உதைக்கிறது. நண்பர்களின் செல்வாக்கு உண்மை. அதை மறுக்க எந்த ஆய்வும் துணைக்கு வராது. ஆனால் அந்தச் செல்வாக்கு இயங்கும் விதத்தைத்தான் நாம் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம். ஒரு கெட்டவன் ஒரு நல்லவனின் கையைப் பிடித்து இழுத்துப்போவதாக நினைக்கிறோம். அதனால் அந்தக் கையை வெட்டிவிட்டால் போதும் என்று முடிவு கட்டுகிறோம். பதின்ம வயதுப் பிள்ளையைப் புகைக்கும் மதுவுக்கும் போதைக்கும் நகர்த்துவதில், நண்பன் நீட்டும் சிகரெட்டைவிட வலுவான ஒன்று இருக்கிறது. ‘நம்ம செட்டு இதைப் பற்றி என்ன நினைக்கிறது’ என்று அந்தப் பிள்ளை தனக்குள் போட்டுவைத்திருக்கும் கணக்குதான் அது. அந்தக் கணக்கு பல நேரங்களில் தப்பாகவும் இருக்கிறது.

யாரும் வற்புறுத்தாமலே செல்வாக்கு வேலை செய்யும் என்பதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு அது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், 18 முதல் 22 வயது இளைஞர்கள், 24 வயதைத் தாண்டியவர்கள் என 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடவைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் வண்டியை விடுகிறோமோ அவ்வளவு லாபம். எந்த நொடியிலும் மோதி எல்லாம் போகலாம். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் அதே வயதுக்காரர் இருவர் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். தனியாக ஆடியபோது மூன்று வயதினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் ஆள் இருந்தபோது பதின்ம வயதினர் துணிந்த ஆபத்து இரு மடங்குக்கு மேல் போனது. பெரியவர்கள் மாறவே இல்லை. 2011-இல் ஸ்டைன்பெர்க் குழுவினர் மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் பிள்ளைகளைப் படுக்கவைத்து இதே போன்ற ஆட்டத்தை ஆடச் செய்தார்கள். இம்முறை நண்பர்கள் அடுத்த அறையில் திரைமுன் இருந்தார்கள். ‘உன் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது. பரிசும் இன்பமும் வரும்போது துடிக்கும் மூளைப் பகுதி பதின்ம வயதினருக்கு மட்டும் கூடுதலாக வேலை செய்தது. ‘அடிடா மச்சான்’ என்று யாரும் சொல்லவில்லை. நண்பனின் கண் தன்மேல் இருக்கிறது என்ற உணர்வே பிள்ளைக்கு இனித்தது.

கண்ணுக்கு அடுத்து சிரிப்பு. ஒரேகான் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் என்ற ஆய்வாளர் 13, 14 வயதுப் பையன்கள் தங்கள் நெருங்கிய நண்பனோடு பேசிக்கொண்டிருப்பதை 25 நிமிடம் காணொளியில் பதிவு செய்து, அதை வரிவரியாக ஆராய்ந்தார். எதைப் பேசினார்கள் என்பதோடு, எதற்குச் சிரித்தார்கள் என்பதையும் எண்ணினார். சில ஜோடிகளில் ஒருவன் விதியை மீறியதைப் பற்றிச் சொல்லும்போது மற்றவன் சிரித்தான். சிரிப்பு வந்ததும் முன்னவன் அதே பேச்சை நீட்டினான். வேறு சில ஜோடிகளில் அந்தப் பேச்சுக்குப் பதில் வரவில்லை. பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பிவிட்டது. அன்றுவரை எதையும் தொட்டிராத பையன்களில் யார் அடுத்த இரண்டு வருடத்துக்குள் புகைக்கும் குடிக்கும் கஞ்சாவுக்கும் போனார்கள் என்பதை அந்தச் சிரிப்பு முன்கூட்டியே காட்டியது. நம் ஊர் டீக்கடை வாசலிலும், டியூஷன் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் தெருவிலும் நடப்பது இதுதான். “நேத்து எங்கண்ணன் பாக்கெட்ல இருந்து ஒண்ணு சுட்டேன்டா” என்று ஒருவன் சொல்கிறான். அடுத்த இரண்டு நொடியில் அந்த வட்டத்தின் முகம் எப்படி மாறுகிறது என்பதில் அவனுடைய அடுத்த வாரம் அடங்கியிருக்கிறது. ‘கெத்து’ என்று ஒரு பார்வை கிடைத்தால் ஒன்று, ‘சும்மா சீன் போடாத’ என்று ஒரு முகச்சுளிப்பு கிடைத்தால் வேறொன்று. அறிவுரை, மிரட்டல், சத்தியம் எதுவும் அந்த இரண்டு நொடிக்குள் நுழைய முடியாது.

அந்த வட்டத்தில் சிரித்தவர்கள் எல்லாருக்கும் உள்ளூர அதில் சம்மதம் இருந்ததா? இல்லை என்கிறது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் 1993-இல் வெளியிட்டது. வளாகத்தில் நடக்கும் குடியைப் பற்றி உனக்கு எவ்வளவு சம்மதம், உன் சக மாணவருக்கு எவ்வளவு சம்மதம் என்று தனித்தனியே கேட்டார்கள். ஏறக்குறைய எல்லாருமே தனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருப்பதாகவும், மற்றவர்கள் தன்னைவிடச் சகஜமாக இருப்பதாகவும் சொன்னார்கள். ஆளாளுக்குத் தான் மட்டும்தான் தயங்குகிறோம் என்று நினைத்துத் தயக்கத்தை மறைக்க, மறைத்த முகத்தைப் பார்த்து அடுத்தவன் ஏமாற, இல்லாத ஒரு சம்மதம் எல்லார் தலையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பருவம் முடிவதற்குள் ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்து அந்தப் பொய்யான சம்மதத்தை நோக்கி நகர்ந்துவிட்டது என்பதுதான் அதில் வேதனையான பகுதி. அவர்கள் பின்பற்றியது நண்பர்களை அல்ல, நண்பர்கள் என்று தாங்கள் கற்பனை செய்துகொண்ட ஆட்களை. “எல்லாரும்தானே பண்றாங்க” என்று பிள்ளை சொல்லும்போது அவன் சாக்குச் சொல்வதாக நாம் கோபப்படுகிறோம். பல சமயம் அவன் அதை உண்மையென்றே நம்புகிறான்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இப்போது பேசப்படும் ‘கூல் லிப்’பை எடுத்துக்கொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். மாணவர்களிடையே இது பரவுவது பற்றி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவிக்கும் அளவுக்கு நிலைமை வந்தது. விரல்நுனி அளவில், மெல்லிய துணி போன்ற உறைக்குள் புகையிலைத் தூள். அதில் புதினா வாசம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் முடிந்தது. புகை இல்லை, தீப்பெட்டி வேண்டாம், சிகரெட்டைப் போல விரலில் நாற்றம் ஒட்டாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாடம் கவனிக்கும் பையனின் வாயில் அது இருப்பது ஆசிரியருக்குத் தெரியாது, மாலையில் வீட்டுக்குப் போனால் அம்மாவுக்கும் தெரியாது. தெரிவது ஒரே ஒருவனுக்கு: பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கு. காசு போட்டு வாங்கியவனே அதை அவனிடம் காட்டித்தான் ஆகவேண்டும். யாருமே பார்க்காவிட்டால் அதில் பாதிச் சுவை போய்விடும். பெரியவர்களின் கண்ணுக்குத் தப்புவதற்கென்றே வடிவமைத்ததுபோல் இருக்கும் ஒரு பொருளுக்கு நண்பனின் கண் மட்டுமே சாட்சி. பெஞ்சுக்கு அடியில் கைமாறும்போது அந்த ஒரு சாட்சி என்ன முகம் காட்டுகிறான் என்பதே அங்கே சட்டம், அங்கே தீர்ப்பு. தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை 2013-இலேயே வந்தது. பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்ற மத்தியச் சட்டம் 2003-இல் வந்தது. குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். இவை அத்தனையும் தேவை, கண்டிப்பாக அமலாக வேண்டும். ஆனால் இவற்றில் எதற்கும் அந்த பெஞ்சுக்கு அடியில் கண் கிடையாது.

இந்தியாவில் 13 முதல் 15 வயதுப் பள்ளி மாணவர்களிடம் 2019-இல் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவோர் 8.5 சதவீதம்; பையன்களில் 9.6, பெண் பிள்ளைகளில் 7.4. இந்தப் பிரச்சினை பையன்களுக்கு மட்டுமானது என்ற எண்ணத்தை இந்த ஒரு வரியே உடைத்துவிடும். எட்டரை சதவீதம் சிறிய எண் அல்ல. நாடு முழுமைக்கும் விரித்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் அதே எண் இன்னொன்றையும் சொல்கிறது. 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் சராசரியாக மூன்று அல்லது நான்கு பேர். மற்ற 36 பேர் தொடவில்லை. ஆனால் தன்னைப்போலவே மற்றவர்களும் தொடவில்லை என்பது அந்த 36 பேரில் யாருக்கும் தெரியாது. புகைப்பவன் கண்ணில் படுவான், அவனைப் பற்றிக் கதை பரவும், புகைப்பதில்லை என்று யாரும் மேடை போட்டுச் சொல்வதில்லை. இதில் பத்திரிகைகளான நமக்கும் பொறுப்பு உண்டு. ‘பள்ளிதோறும் போதை’, ‘சீரழியும் மாணவர் சமுதாயம்’ என்று தலைப்பிடும்போது பெற்றோரை எச்சரிப்பதாக நினைக்கிறோம். அதைப் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்றே ஒன்று: எல்லாரும்தானே பண்றாங்க. எங்கே, எந்தப் பொருள், யார் விற்றது என்று குறிப்பாக எழுதும் செய்தி வேறு. ஒரு தலைமுறையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தலைப்பு வேறு. முன்னது பிடிக்க உதவும், பின்னது பரப்ப உதவும்.

இந்த வாதத்துக்கு ஆய்வாளர்களே நெடுங்காலமாக எழுப்பிவரும் ஒரு மறுப்பு உண்டு, அது கனமான மறுப்பு. புகைக்கும் பிள்ளையின் நண்பர்கள் புகைக்கிறார்கள் என்பதால் நண்பர்கள்தான் காரணம் என்று ஆகிவிடுமா? புகைக்க நினைக்கும் பிள்ளையே தேடிப்போய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கலாமே? நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஒரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஜோடி ஜோடியாக ஆராய்ந்த டெனிஸ் கேன்டல் 1978-இல் இதற்குப் பதில் சொன்னார்: இரண்டும் நடக்கிறது, ஏறக்குறைய சம அளவில். நண்பர்களாவதற்கு முன்பே ஒத்த குணம் இருந்தது. நண்பர்களான பின் ஒற்றுமை மேலும் கூடியது. கருத்தில் விலகியவர்கள் நட்பிலும் விலகினார்கள். ஆக, ‘சேர்ந்த இடம்’ என்பதில் பாதி, பிள்ளை தானே தேர்ந்த இடம். பெற்றோருக்கு இது கசக்கும். மிச்சப் பாதியும் பொய்யல்ல என்பதற்கு மைக்கேல் கிரெமர், டான் லெவி ஆகிய பொருளியலாளர்கள் ஒரு நல்ல வழியில் சான்று தேடினார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழக விடுதியில் யாருக்கு யார் அறைத்தோழன் என்பது குலுக்கலில் முடிவானது. அங்கே ‘தானே தேடிப் போனான்’ என்று சொல்ல வழியில்லை. கல்லூரிக்கு வரும் முன்பே குடித்துப் பழகியவன் அறைத்தோழனாக வாய்த்த ஆண் மாணவர்களின் மதிப்பெண் சராசரி, நான்கு புள்ளி அளவையில் கால் புள்ளி குறைந்தது. ஏற்கெனவே அடிக்கடி குடித்தவனுக்கு அடிக்கடி குடிப்பவனே துணையாக அமைந்தபோது வீழ்ச்சி மூன்றில் இரண்டு புள்ளி வரை போனது. அறைகள் மாறிய பிறகும் பாதிப்பு தொடர்ந்தது. கையில் பாட்டில் நீட்டுபவன் போன பிறகும், அவன் விட்டுச்சென்ற மனப்பாங்கு தங்கிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வீட்டைப் பற்றியது. அதே 2019 கணக்கெடுப்பில் சிகரெட் பிடித்த பிள்ளைகளில் 38 சதவீதமும், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதமும், மெல்லும் புகையிலை போட்டவர்களில் 52 சதவீதமும் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு என்ன செட்டு, என்ன கெத்து? அங்கே தெரிவது வீடும் தெருமுனையும்தான். “போய் ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வாடா” என்று பத்து ரூபாய் நோட்டுகளோடு பிள்ளையைப் பெட்டிக்கடைக்கு அனுப்புகிற தகப்பன், கடைக்காரரோடு அவனுக்கு முதல் அறிமுகத்தைச் செய்துவைக்கிறார். திரையையும் விட முடியாது. 2002-இல் ‘பாபா’ வந்தபோது புகைக்கும் காட்சிகளை எதிர்த்து பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய போராட்டத்தைப் பலரும் அரசியலாக மட்டுமே பார்த்தார்கள். அதில் இருந்த நியாயத்தைப் பேசியிருக்க வேண்டும். ஆனால் வீடும் திரையும் விதைத்தது முளைக்கிறதா கருகுகிறதா என்பது பதின்ம வயதில்தான் தீர்மானமாகிறது, அதைத் தீர்மானிப்பது சக வயதினரே. கதாநாயகன் சிகரெட்டைச் சுண்டிப் போடும் பாணியைப் பள்ளி மைதானத்தில் ஒருவன் செய்துகாட்டி, மற்றவர்கள் கைதட்டும்போதுதான் அது அந்தப் பள்ளிக்குள் நுழைகிறது. மதுவும் அப்படியே. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. 21 வயது நிறையாதவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது விதி. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களின் பிறந்தநாள் ‘ட்ரீட்’டுக்கு பாட்டில் எப்படி வருகிறது? 21-ஐத் தாண்டிய ஏரியா அண்ணன் ஒருவர் வாங்கித் தருகிறார். கடையின் தாராளமும் அண்ணனின் தயவும் இல்லாமல் அது நடக்காது. கடைகளைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கை முழுக்க நியாயமானது, நட்பைப் பற்றிப் பேசுவது அதற்கு மாற்றாகிவிடாது.

நட்புதான் வழி என்றால் நட்பை முறித்துவிடலாமே என்று பள்ளிகள் நினைக்கின்றன. பிடிபட்ட பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் மற்றவர்கள் தப்பித்தார்கள் என்று கணக்கு. அந்தப் பிள்ளை எங்கே போகும்? ஏற்கெனவே வெளியே தள்ளப்பட்டவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கேதான். தவறியவர்களை ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நெஞ்சைக் கனக்கவைக்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ், சோமர்வில் நகரங்களில் 1939-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் நூற்றுக்கணக்கான பையன்களுக்கு ஆலோசகர், டியூஷன், மருத்துவம், கோடை முகாம் என எல்லா உதவியும் நல்லெண்ணத்தோடு தரப்பட்டது. சுமார் முப்பது வருடம் கழித்து ஜோன் மக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெறாத இணைப் பையன்களைவிட உதவி பெற்றவர்கள் பல வகையில் மோசமாக இருந்தார்கள். குறிப்பாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போனவர்கள். மேலே சொன்ன டிஷியனும் இதையே தன் திட்டத்தில் கண்டார். தடுமாறும் நிலையில் இருந்த பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்து நல்வழி சொல்லிக்கொடுத்ததில், அந்தக் குழுக்களில் புகையிலைப் பழக்கம் குறைவதற்குப் பதில் கூடியது. பாடம் நடத்தியவர் ஒருவர். சிரித்தவர்கள் பத்துப் பேர். குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் தனித்தனி விடுதியில் வைத்தால் மொத்தத்தில் நஷ்டமே வரும் என்று கிரெமரும் லெவியும் எச்சரித்ததும் இதே காரணத்தால்தான். தவறிய பிள்ளைக்கு மிக அவசியமான மருந்து, தவறாத பிள்ளைகளின் நட்பு. டி.சி. கொடுக்கும் பள்ளி முதலில் பறிப்பது அதைத்தான்.

அப்படியென்றால் நல்ல பிள்ளையின் பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பணயம் வைக்கவேண்டுமா என்ற கேள்வி எழும். நியாயமான அச்சம். 14 முதல் 18 வயதுக்குள்தான் நண்பர்களின் இழுப்பை எதிர்க்கும் திறன் படிப்படியாக வளர்கிறது என்று ஸ்டைன்பெர்க்கின் இன்னொரு ஆய்வு காட்டுகிறது; ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் தனியாக நிறுத்தி ‘நீ உறுதியாக இரு’ என்பது அநியாயம். அதனால்தான் தனியாக நிறுத்தக்கூடாது என்கிறோம். சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார்கள். கூட்டம் மொத்தமும் வேண்டுமென்றே தப்பான பதிலைச் சொன்னபோது, தன் கண்ணெதிரே சரியான பதில் தெரிந்தும் பலர் கூட்டத்தோடு போனார்கள். அதே கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்லவைத்ததும், கூட்டத்துக்குப் பணிந்து சொன்ன தப்பு நாலில் ஒரு பங்காகச் சரிந்தது. பெரும்பான்மை வேண்டியதில்லை, ஒரு துணை போதும். நம் பள்ளிகளில் 2022 ஆகஸ்ட்டிலிருந்து போதைக்கு எதிரான உறுதிமொழி எடுக்கப்படுகிறது. வலக்கையை நீட்டி ஆயிரம் பேர் ஒரே குரலில் சொல்லும்போது, பக்கத்தில் நிற்பவன் அதை மனதாரச் சொல்கிறானா என்று யாருக்கும் தெரியாது. உறுதிமொழியைக் குறைசொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், பிரின்ஸ்டன் மாணவர்களின் மறைத்த முகங்கள் இங்கே வெயிலில் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவே.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில், 12, 13 வயதுடைய 10,730 மாணவர்களிடம் நடத்திப் பார்த்த ‘அசிஸ்ட்’ என்ற திட்டம் வேறு பாதையில் போனது. நல்ல மாணவர் யார் என்று ஆசிரியரைக் கேட்கவில்லை. நீ யாரை மதிக்கிறாய், யார் சொன்னால் கேட்பாய் என்று பிள்ளைகளையே எழுதச் சொன்னார்கள். அதிகம் பேர் குறித்த பெயர்களை எடுத்தார்கள். வகுப்பில் வாலாட்டும் பையனின் பெயர் வந்தாலும் அதை நீக்கவில்லை. பள்ளிக்கு வெளியே இரண்டு நாள் பயிற்சி. பிறகு பத்து வாரம், பேருந்திலும் சாப்பாட்டு வேளையிலும் நண்பர்களோடு பேச்சுவாக்கில் புகைப்பதைப் பற்றிப் பேசவேண்டும், பேசியதை ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும். மேடை இல்லை, கோஷம் இல்லை, பேட்ஜ் இல்லை. இரண்டு வருடக் கண்காணிப்பில், வாரம் தவறாமல் புகைக்கும் நிலைக்குப் போகும் வாய்ப்பு மற்ற பள்ளிகளைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருந்ததாக 2008-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. வருடம் போகப்போகப் பலன் மெலிந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ‘பெரும்பாலானோர் குடிப்பதில்லை’ என்று சுவரொட்டி ஒட்டினால் போதாதா என்றால், போதவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி நடந்த பிரசாரங்களை ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் 2003-இல் ஒப்பிட்டுப் பார்த்தார். பிரசாரம் நடந்த கல்லூரிகளில் குடி குறையவில்லை. முகம் தெரியாத ‘சராசரி மாணவன்’ என்ன செய்கிறான் என்பது பிள்ளைக்குப் பொருட்டல்ல. தன்னோடு பரோட்டா பகிர்ந்து தின்பவன் என்ன நினைக்கிறான் என்பதுதான் பொருட்டு. நல்லதும் இதே தடத்தில்தான் பயணம் செய்கிறது. அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் நகரில் 1971 முதல் 2003 வரை திரட்டிய 12,067 பேரின் தகவலை ஆராய்ந்த நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் இருவரும், ஒரு நண்பர் புகைப்பதை விட்டபோது மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். மக்கள் ஒவ்வொருவராக அல்ல, கூட்டம் கூட்டமாகப் பழக்கத்தை விட்டிருந்தார்கள்.

ஒரு நாடு முழுவதும் பதின்ம வயதினரின் மனப்பாங்கை மாற்ற முடியுமா என்றால், ஐஸ்லாந்து மாற்றியிருக்கிறது. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைத்தோர் 23-லிருந்து 3 சதவீதத்துக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் போதையின் தீமையைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிள்ளைகள் எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் கூடுகிறார்கள் என்பதை மாற்றினார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசுப் பணம் கொடுத்தார்கள். 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் தனியாக வெளியே சுற்றத் தடை வந்தது. அதைவிட முக்கியம், ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் கூடி ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: பிள்ளைகளுக்கு மது வாங்கித் தரமாட்டோம், பெரியவர் இல்லாத விருந்துக்கு அனுப்பமாட்டோம், மற்றவர் பிள்ளையையும் நம் பிள்ளைபோல் கவனிப்போம். “அவங்க வீட்ல எல்லாம் விடறாங்க, நீங்க மட்டும்தான்...” என்ற பேச்சு அன்றோடு செல்லாக்காசானது. பெற்றோரும் ஒரு செட்டுதான். மற்ற பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் தாங்கள் மட்டுமே கண்டிப்பதாக எண்ணித் தளர்கிறவர்கள்தான்.

சென்னையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாத மக்கள்தொகை, பணக்கார நாடு, ஐஸ்லாந்தை நம்மோடு ஒப்பிடலாமா என்பார்கள். பணத்தில் ஒப்பிட முடியாது. ஆனால் நம்மிடம் இருப்பதையே நாம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கால அட்டவணையில் இருக்கும் பி.டி. பீரியடை ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்கும் அறிவியலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பொதுத்தேர்வு ஆண்டில் மைதானம் வெறும் நிழல் பார்க்கும் இடமாகிவிடுகிறது. காசு செலவில்லாமல் நண்பர்கள் கூட ஓர் இடமிருந்தும் அதைப் பூட்டிவைத்துவிட்டு, அவர்கள் பெட்டிக்கடை வாசலில் நிற்கிறார்கள் என்று புலம்புகிறோம். பெற்றோரின் ஒப்பந்தத்துக்கும் புதிதாக ஓர் அமைப்பு தேவையில்லை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, எல்லாப் பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட வருகிற நாளில் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு வகுப்புக்கு 40 குடும்பம். எங்கள் பிள்ளையைச் சிகரெட் வாங்க அனுப்பமாட்டோம், டியூஷன் முடிந்து எத்தனை மணிக்குள் வீடு வரவேண்டும் என்பதை எல்லா வீட்டிலும் ஒன்றாக வைப்போம், யார் பிள்ளை தவறினாலும் பள்ளியைவிட்டு அனுப்பச் சொல்லமாட்டோம், அந்த வீட்டுக்கே முதலில் சொல்வோம். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி, தகப்பன்மாரும் சேர்ந்து கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் எடுத்துப் போகட்டும்.